உள்ளூர் உதவியாளர்

காமிரா முன்னால் நின்று நிலத்தடி நீர் பாடம் எடுப்பவள் ஹேமலதா. மாணவர்களின் திரையில் தெரிவதோ ஸ்வீடன் பேராசிரியர் இங்கிரிட். முகமும் குரலும் மெஷின் போட்டது. அந்த வெள்ளைக்காரிக் கொஞ்சல் தமிழை மட்டும் ஹேமலதா மூன்று மாதம் பழகிக்கொண்டாள். உலகத் தரவரிசைக்காகப் பல்கலைக்கழகம் கட்டிய வேஷம் இது. இணையதளத்தில் அவள் பெயர் கடைசியில், ‘உள்ளூர் உதவியாளர்’ என்று கிடந்தது. வீட்டில்கூட மூச்சு விடக் கூடாது என்று கையெழுத்து வாங்கியிருந்தார்கள்.

அதே பல்கலைக்கழகத்தில் படிக்கும் மகள் நிதர்சனா அன்று மாலை துள்ளிக்கொண்டு வந்தாள்.

“அம்மா, நம்ம போர்வெல் தண்ணி மாதிரியே ஸ்வீடன்லயும் பாத்திரத்துல வெள்ளையா படியுதாம்! இங்கிரிட் மேடம் என்ன அழகா புரிய வச்சாங்க தெரியுமா?”

“அதைத்தானேடி பத்து வருஷமா இந்த அடுப்படியில நின்னு சொல்லிக்கிட்டிருக்கேன்?”

“நீ சொன்னா தூக்கம்தான் வரும். மேடம்கிட்ட எனக்கு ஒரு சிபாரிசுக் கடிதம் வாங்கிக் குடும்மா. ஸ்வீடனுக்கே போய்ப் படிக்கிறேன். இங்கேயே கிடந்தா உன்னை மாதிரிதான் ஆவேன்.”

“கேட்டுச் சொல்றேன்” என்றாள் ஹேமலதா. பழக்கதோஷத்தில் அதுவும் அந்தக் கொஞ்சலோடுதான் வந்து விழுந்தது.

நிதர்சனா முகத்தைச் சுளித்தாள். “ச்சீ, மேடத்தைப் பாத்துக் காப்பியடிக்காதம்மா. உனக்குக் கொஞ்சம்கூடப் பொருந்தல.”