குக்கர் வெயிட்

தாமோதரனின் மூளையில் ஒரு ரத்தக்குழாயின் சுவர் மெலிந்து, ஒவ்வொரு துடிப்புக்கும் சற்றே புடைத்து, மிளகளவு குமிழாகியிருந்தது. "கோபம், அதிர்ச்சி ஆகாது. பிரஷர் ஏறினா வெடிச்சிரும்," என்றார் டாக்டர்.

"ஆபரேஷன் எதுக்கு? நீங்கல்லாம் ஒழுங்கா இருந்தாப் போதும்," என்றார் தாமோதரன், மனைவி கோமளாவிடம்.

அதன்பின் அவர் கத்தவேயில்லை. நெற்றியைத் தொட்டால் போதும். அப்படித்தான் மகள் சுபத்ராவின் கல்லூரி நின்றது. குக்கர் விசிலும் நின்றது. அதன் வெயிட்டை அவர் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டார். கோமளா பானையில் சமைத்தாள்.

நேற்று சொன்னார்: "எங்க அக்கா பையனுக்கு சுபத்ராவைப் பேசிட்டேன்."

"அவனா? குடிச்சுட்டுப் போறவங்க வர்றவங்களையெல்லாம் அடிக்கிறவனாச்சேங்க."

"முடியாதுன்னு சொல்லிப்பாரு. வெடிக்கட்டும்." நெற்றியைத் தொட்டார்.

இன்று மதியம் அவர் உறங்குகையில், கோமளா அவர் தலையைப் பூவைப்போல ஏந்தி வெயிட்டை எடுத்தாள். இத்தனை மென்மையாக அவரைத் தொட்டு எத்தனை வருடமாயிற்று என்று நினைத்துக்கொண்டாள். அறைக்கதவைத் திறந்தே வைத்துவிட்டு, குக்கரை அடுப்பில் ஏற்றினாள்.

"அம்மா, விசில் வரும்மா!"

"வரட்டும்டி. பருப்பு வேகணும்ல."

வெயிட் நடுங்கத் தொடங்கியது. சுபத்ரா அப்பாவின் கதவைச் சாத்த ஓடினாள். கைப்பிடியைப் பற்றியவள், அப்படியே நின்றாள்.