ஜப்பான் அக்கா

“முழுசா கேட்டுட்டீங்களாக்கா? என்ன சொல்றாங்க நம்ம பசங்க?”

ஜப்பான் அக்கா காதிலிருந்து இயர்போனைக் கழற்றித் தையல் மெஷின் மேல் போட்டாள். “பாதிதான் கேட்டிருக்கேன்மா. கண்ணை இருட்டிக்கிட்டு வருது,” என்றாள். பொய்யில்லை. காலையிலிருந்து ஜிப் மாற்றிய பேன்ட்டுகளும் இடுப்புப் பிடித்த பாவாடைகளும் அவளைச் சுற்றிக் குவிந்து கிடந்தன.

கடை வாசலில் நின்றவளுக்கு முப்பது வயது இருக்கலாம். ரசிகர் குழுவில் இருப்பவள்தானாம்; ஆனால் இதுவரை அதில் ஒரு வார்த்தை எழுதியதில்லையாம். இன்று வந்த புது ஆல்பத்தின் சிடியைக் கைக்குழந்தையைப் போல அணைத்துப் பிடித்திருந்தாள்.

‘நம்ம பசங்க’ என்றால் ஜப்பானில் கிடாரைப் போட்டு உலுக்கும் நாலு பேர். பெற்றவர்கள்கூட அவர்களை அத்தனை உரிமையோடு சொல்ல மாட்டார்கள். ஆல்பம் வெளியான நிமிஷத்திலிருந்து குழுவில் ஒருத்தருக்கும் வேலை ஓடவில்லை. அக்காவை மட்டும் வேலை வாங்கிக்கொண்டிருந்தார்கள். “அக்கா, மொழிபெயர்ப்பு எப்போ?” “அக்கா, சாயங்காலம் எல்லாரும் சேர்ந்து கேக்கப் போறோம், அதுக்குள்ள போட்டுடுங்க.”

அக்கா ஆறு வருஷம் ஜப்பான் கம்பெனியில் இருந்தவள். அதனால் அந்தப் பொறுப்பு அவள் தலையில் வந்து விழுந்தது. யாராவது அவசரப்பட்டு மெஷின் மொழிபெயர்ப்பைப் போட்டுவிட்டால் குழுவே சீறும். “அது சொல்றது வேற, அக்கா சொல்றது வேற. மெஷினுக்கு மனசா இருக்கு?” என்பார்கள்.

ஆரம்பத்தில் அக்காவுக்குப் பெருமையாகத்தான் இருந்தது. இப்போது ஆல்பம் வருகிறது என்றாலே கை கால் சோர்ந்துவிடுகிறது. இனி முடியாது என்று சொல்லிவிடலாம்தான். சொன்னால் அந்தக் கூட்டம் கலைந்துவிடுமே, அப்புறம் அவளை அக்கா என்று கூப்பிட யார் இருக்கிறார்கள்?

“பாட்டு வரியெல்லாம் சிடிக்குள்ள அச்சடிச்சு வச்சிருக்காங்க. எடுத்துத் தரட்டுமாக்கா?”

“அது எதுக்கு? எனக்குக் காதுல விழுந்தாப் போதும்.”

“சரிக்கா. நான் மொழிபெயர்ப்பு கேட்டு வரல.” அவள் பையிலிருந்து ஒரு ஜீன்ஸ் ஜாக்கெட்டை எடுத்து மேஜையில் விரித்தாள். “முதுகுல ஒரு வரி தைச்சுத் தரணும். போன ஆல்பம், மூணாவது பாட்டு. ‘விழுந்த இடத்துலயே கொஞ்சம் உட்காரு, உன்னை யாரும் துரத்தலை.’”

அக்கா நூல்கண்டு தேடுவதுபோல் குனிந்துகொண்டாள்.

“என் கல்யாணம் முறிஞ்ச நேரம்க்கா அது. ‘எழுந்திரு, மறந்துடு, அடுத்ததைப் பாரு’ன்னு வீட்ல ஆளாளுக்கு உயிரை எடுத்தாங்க. உட்காருன்னு சொன்னது அந்த ஒரு வரிதான். அன்னிக்கு உட்கார்ந்து நல்லா அழுதேன். அப்புறம்தான் தொண்டையில தண்ணியே இறங்குச்சு.”

அக்கா சாக்கட்டியை எடுத்தாள். வந்தவள் காத்திருந்த நேரத்தில் சிடியைச் சுற்றியிருந்த காகிதப் பட்டையில் எதையோ படித்துத் தனக்குள் சிரித்துக்கொண்டாள்.

ஜாக்கெட்டில் முதல் எழுத்தை வரைந்ததுமே அக்காவின் கை நின்றுவிட்டது. இத்தனை வருஷத்தில் எத்தனையோ கிழிசலை வெளியே தெரியாமல் தைத்துக் கொடுத்திருக்கிறாள். ஆனால் பாவம், ஒருத்தி முதுகில் பொய்யைத் தைத்து ஊரெல்லாம் சுமக்க விடுவதற்கு மனசு வரவில்லை.

“இதை நான் தைக்க மாட்டேன்மா.”

“ஏன்க்கா?”

“அந்தக் கம்பெனியில நான் பார்த்தது யூனிஃபார்ம் தைக்கிற வேலை.” அக்கா அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். “காலை வணக்கம், நன்றி. அவங்க பாஷையில இந்த ரெண்டைத் தவிர எனக்கு ஒரு எழவும் தெரியாது. கிடாரைக் கேப்பேன், அந்தப் பையன் குரலைக் கேப்பேன், மனசுல என்ன தோணுதோ அதை எழுதிடுவேன். நீ சொல்ற வரி, முதுகு வலி தாங்காம நானா எழுதினது. அவங்களுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல.”

அந்தப் பெண் சிடியை மேஜை ஓரத்தில் வைத்தாள்.

“போய்க் குழுவுல சொல்லிடு. திட்டுறவங்க திட்டட்டும். எனக்கும் ஓஞ்சு போச்சு.” சாக்கட்டிக் கோட்டைத் தட்டிவிட்டு, ஜாக்கெட்டை மடித்து நீட்டினாள்.

அவள் அதை வாங்கி மறுபடி மேஜையிலேயே விரித்தாள். கசங்கிய இடத்தை உள்ளங்கையால் நீவிவிட்டாள்.

“அந்த வரியையே தைங்கக்கா. கீழ உங்க பேரையும் போட்டுடுங்க.”

“சொன்னது காதுல விழலையா? அந்தப் பாட்டுல அப்படி ஒரு வரியே கிடையாதும்மா!”

“அது எனக்கு அன்னிக்கே தெரியும்க்கா. நான் ஜப்பானிய மொழி டீச்சர்.”