கோடே இல்லாத தோட்டம்

"யாரு?"

வாசலில் சைக்கிளை நிறுத்திய பால்துரைக்குச் சுருக்கென்றது. தாலி கட்டிய புருஷன் பட்டப்பகலில் எதிரே வந்து நிற்கிறார். பெண்டாட்டி ஞானபாக்கியம் அவரை நேருக்கு நேர் பார்த்து, யாரு என்கிறாள்!

"நான்தாம்ளா. வேற யாரு வருவான்னு காத்திருந்த?"

"நீங்களா? இன்னைக்குச் சீக்கிரமா வந்துட்டிய" என்று சிரித்துச் சமாளித்தாள்.

தன் வீட்டுக்குச் சீக்கிரம் வந்தது கூடத் தப்பாகிவிட்டதே!

பால்துரை உப்பளத்துக் கங்காணி. சந்தேகப்படுவதற்கென்றே சம்பளம் வாங்குகிற மனுஷர். உப்புப் பெட்டி சுமக்கிறவள் தண்ணீர் குடிக்கப் போனாலும் ஏமாற்று என்பார், நின்று இருமினாலும் ஏமாற்று என்பார். அந்தக் கண்ணை வீட்டுக்கு வந்த பிறகும் கழற்றி வைப்பதில்லை.

வீட்டுக்குப் பின்னால் ஞானபாக்கியம் ஒரு தோட்டம் போட்டிருந்தாள். அவளும் வருஷக்கணக்காக அளத்தில் உப்பு வாரியவள்தான். "பகல் பூரா வெள்ளையவே பாத்துக் கண்ணு கூசிப் போச்சு. வீட்லயாவது கலர் கலரா பாக்கணும்" என்பாள். தூத்துக்குடிக் காற்றிலும் உப்பு, தண்ணீரிலும் உப்பு. அதற்கு நடுவே நல்ல தண்ணீரைக் குடம் குடமாகச் சுமந்து வந்து செம்பருத்தி, அரளி, செவ்வந்தி, கனகாம்பரம் என்று பூக்க வைத்திருந்தாள்.

அந்தத் தோட்டத்துக்குத்தான் இப்போது ஒருத்தன் வந்து போகிறான். பெயர் கிளாட்வின். பள்ளிக்கூடத்து டிராயிங் வாத்தியார். மெட்ராஸில் படித்தவன், போதாததற்குத் தாடி வேறு. புதுத் துறைமுகம் வந்த பிறகு ஊரில் கண்ட ஆளெல்லாம் நடமாடுகிறான் என்பது பால்துரையின் கட்சி.

இத்தனைக்கும் முதலில் தலையாட்டியவர் அவரேதான்.

"உங்க தோட்டத்தை வரையணும் அண்ணாச்சி. மாடர்ன் ஆர்ட். மெட்ராஸ்ல ஒரு கண்காட்சிக்கு."

"தோட்டத்துல வரைய என்னலே இருக்கு?"

"என்ன அண்ணாச்சி இப்படிச் சொல்லுதிய! வெளிநாட்டுல ஒரு பெரிய ஓவியர் கடைசி வரைக்கும் தன் வீட்டுத் தோட்டத்தையே வரைஞ்சிருக்காரு."

"அவருக்கு வேற சோலி இல்லையா?"

சோலி இல்லாதது இவளுக்கும்தான். பள்ளிக்கூடம் லீவான நாளில் மத்தியானம் முழுக்க அவன் பக்கத்தில் உட்கார்ந்து ஏதோ சொல்கிறாள். அவன் தலையை ஆட்டிக்கொண்டே கலர் குழைக்கிறான். ஒருநாள் ஜன்னல் வழியே, "இன்னுங் கொஞ்சம் கிட்ட கொண்டு வாங்க தம்பி" என்று அவள் குரல் கேட்டது.

"வாத்தியார்கிட்ட அப்படி என்னளா பேச்சு?"

"தோட்டத்தப் பத்தித்தான்" என்றாள். புருஷன் முகத்தைப் பார்த்துப் பேசியே எத்தனை நாளாயிற்று! குழம்பில் இரண்டு தடவை உப்புப் போடுகிறாள். மனசு வீட்டில் இல்லை, வேறென்ன?

வாசலில் யாரு என்று கேட்ட அன்றைக்கு ராத்திரி, சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது பால்துரை அளத்துச் சமாசாரத்தைச் சொன்னார்.

"அந்தத் தங்கத்தாய வேலைய விட்டு நிப்பாட்டிட்டேன். வரப்புல தடுக்கி விழுந்து ஒரு பெட்டி உப்பையும் கொட்டிட்டா. கேட்டா, கண்ணு மங்கலா தெரியுதாம். எல்லாம் நடிப்பு!"

குழம்பு ஊற்றிய கை அப்படியே நின்றது.

"நெசமா இருந்தா... பாவம் இல்லையா?"

"நெசமாவது! எத்தனை பேரப் பாத்திருக்கேன். எனக்கா தெரியாது?"

அவள் கை நின்றதையும் பால்துரை கவனிக்கத் தவறவில்லை. எவளோ நடிக்கிறாள் என்று சொன்னால் இவள் கை ஏன் நிற்க வேண்டும்?

மறுநாள் சனிக்கிழமை. கையும் களவுமாகப் பிடித்துவிடுவது என்று முடிவு கட்டி, சைக்கிளைத் தெருமுனையிலேயே விட்டுவிட்டு மத்தியானம் பூனை மாதிரி வந்தார். அரளிச் செடிக்குப் பின்னால் நின்று காதைக் கொடுத்தார்.

"அவ்வளவுதான் அக்கா, முடிஞ்சிட்டு. அண்ணாச்சிட்ட நீங்களே சொல்லிருங்க."

"பயமா இருக்கு தம்பி. தெரிஞ்சா அவிய என்னைய வீட்டுல வச்சிருப்பாவளா?"

இதற்கு மேல் என்ன வேண்டும்? பால்துரை பாய்ந்தார்.

"எனக்கு என்னளா தெரியக் கூடாது?"

கிளாட்வின் பதறி ஒதுங்கினான். அவன் பின்னால் இருந்த படம் கண்ணில் பட்டது. செடி இல்லை, இலை இல்லை, பூ இல்லை. சிவப்பாக ஒரு திட்டு, மஞ்சளாக ஒரு திட்டு, எல்லாவற்றின் மேலும் மோரைக் கொட்டினாற்போல ஒரு வெள்ளை. பேருக்கு ஒரு கோடு கிடையாது. படம் வரைகிறேன் என்றதே பொய்! பால்துரைக்குத் தலைக்கேறியது.

"ஏலே, இதுவா என் வீட்டுத் தோட்டம்? உனக்கென்ன கண்ணு பொட்டையா?"

கிளாட்வின் ஞானபாக்கியத்தைப் பார்த்தான்.

"தம்பிக்கு இல்லங்க" என்றாள் அவள். "எனக்கு."

பால்துரை படத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என் கண்ணுக்குத் தோட்டம் இப்படித்தான் தெரியுது. செவப்பு எங்கன, மஞ்ச எங்கனன்னு நான் சொல்லச் சொல்லத் தம்பி வரைஞ்சிச்சு. வாயால சொல்லத் தைரியம் வரல. படத்தக் காட்டிச் சொல்லிரலாம்னு நெனச்சேன்." கொஞ்சம் நிறுத்திச் சொன்னாள். "உங்க மொகமும் இப்படித்தான் தெரியுது."

நேற்று வாசலில் கேட்ட 'யாரு?' இப்போதுதான் அவர் காதில் சரியாக விழுந்தது.

"ஏளா... என்கிட்ட சொல்லுததுக்கு என்னளா பயம்?"

ஞானபாக்கியம் குரல் வந்த பக்கம் திரும்பினாள்.

"தங்கத்தாயி சொன்னாளே. நீங்க நம்புனியளா?"