வாழ வந்தவள் பெயர்

ஐம்பத்தெட்டாம் வருஷம் பூம்பாறையில் திருமலைச்சாமியின் மகன் கல்யாணம் முடிந்து, மருமகள் வீட்டுக்குள் நுழைந்ததுமே பேச்சு கிளம்பியது. வந்தவள் பெயர் ராசாத்தி. மாமியார் பெயரும் ராசாத்தி.

"மாமியா பேரைச் சொல்லி மருமகளைக் கூப்பிட முடியுமா? இவளுக்கு வேற பேரு வச்சிருவோம்" என்றார் மாமனார் திருமலைச்சாமி.

மருமகள் தலையைக் குனிந்துகொண்டாள். மாமியாருக்கோ பற்றிக்கொண்டு வந்தது.

"அவ பேரு அவளுக்கே இருக்கட்டும். ராசாத்தி என் பேரே இல்லை. உங்க ஆத்தாவுக்கும் என்னை மாதிரியே சோலையம்மான்னு பேரு இருக்குன்னு, நான் வாழ வந்த அன்னைக்கு என் பேரைப் புடுங்கிட்டு இதை வச்சீங்க. அவங்களும் போய்ச் சேந்தாச்சு. இனிமே நான் சோலையம்மாதான்."

திருமலைச்சாமி திகைத்துப் போனார். "கோவம் வந்தா ஆத்தா பேரைச் சொல்லி உன்னை எப்படிடி வையிறது?"

"அப்ப வையாதீங்க" என்றாள் சோலையம்மாள்.