மோட்டார் சீர்

“இன்னும் ஒரே ஒரு சாமான்தான் பாக்கி, மாப்பிள்ளை. இதையும் மாட்டிட்டா காசி என்ன, கைலாசத்துக்கே போகலாம்.”

வைத்தீஸ்வரன் சொல்லி முடிப்பதற்குள் இரண்டு கூலிகள் ஒரு பித்தளைத் தண்ணீர் டிரம்மைத் தூக்கிக்கொண்டு, கல்கத்தா காளிகாட்டில் மோட்டார் ரிப்பேர் செய்யும் நிதாய் மிஸ்திரியின் கொட்டகைக்குள் நுழைந்தார்கள்.

அனந்தகிருஷ்ணன் தன் மோட்டார் சைக்கிளைப் பார்த்தான். வாங்கும்போது அது ஒரு சைக்கிள், நடுவில் ஓர் எஞ்சின், அவ்வளவுதான். கல்யாணமாகி இன்னும் ஒரு வருஷம் நிறையவில்லை. அதற்குள் மாமனார் வீட்டுச் சீரெல்லாம் அதன்மேல் ஏறியிருந்தது. ஊரில் மற்ற மாப்பிள்ளைகளுக்கு ஆடிக்கு வேஷ்டி வரும். இவனுக்குப் பூசணிக்காய் அளவில் ஒரு கார்பைடு விளக்கு வந்தது. தலைதீபாவளிக்கு மோதிரத்துக்குப் பதில் சைடுகார். கார்த்திகைக்கு இரும்பு கேரியர், அதன்மேல் வைக்க ஓர் இரும்புப் பெட்டி. பொங்கலுக்கு இரண்டு டயர்கள், நான்கு பெட்ரோல் டின்கள்.

“வழியெல்லாம் கிணறு இருக்கும், மாமா.”

“கண்ட கிணத்துத் தண்ணியைக் குடிச்சுட்டு வயித்தைப் பிடிச்சுண்டு உட்காரவா? ராஜிக்கு அஞ்சாம் மாசம். அதுக்காக நீங்க நிக்க வேண்டாம்னு நானே சொல்றேன். டிரம்மையாவது எடுத்துண்டு போங்கோ.”

நிற்கவும் முடியாது. மோட்டாரிலேயே காசிக்குப் போய் வருகிறேன் என்று கிளைவ் தெரு ஆபீஸ் முழுக்கச் சொல்லியாகிவிட்டது. போகாவிட்டால், ரிடையர் ஆகும் வரை அவன் பெயர் ‘காசி’தான்.

நிதாய் மிஸ்திரி வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். “பாபு, இது ஒத்தை எஞ்சின். கியர் கிடையாது, இழுக்கறது தோல் பெல்ட். பாதியைக் கழட்டினா வண்டி பறக்கும்.”

“தாராளமா கழட்டலாமே,” என்றார் வைத்தீஸ்வரன். “ராஜியோட அம்மா ரெண்டு நாள் அழுவா. அப்புறம் சரியாப் போயிடும்.”

சீராக வந்ததைக் கழற்றிப் போட்ட மாப்பிள்ளை என்று பெயர் வாங்க அனந்தகிருஷ்ணனுக்குத் தைரியம் இல்லை. டிரம் ஏறியது.

வைத்தீஸ்வரன் கோட்டுப் பையிலிருந்து, பழுப்புக் காகிதத்தில் அட்டை போட்டு நாலு மூலையிலும் மஞ்சள் தடவிய சின்னப் புத்தகத்தை எடுத்துப் புரட்டினார். துறைமுக ஆபீஸில் ஹெட் கிளார்க். நேரம் விஷயத்தில் கறார்.

“மாசி இருபத்தொன்பது. காலம்பற ஒன்பதுக்கு மேல ஒன்பதரைக்குள்ள ஹௌரா பாலத்தைத் தாண்டணும். அதை விட்டா இப்படி ஒரு வேளை அமையாது.”

அன்று ஒன்பதே காலுக்கு அனந்தகிருஷ்ணன், படகுகள்மேல் மிதக்கும் அந்தப் பாலத்தின் சரிவில் இறங்கியபோது, வண்டி ராஜா மாதிரி போயிற்று. பாலத்தின் நடுவிலும் போயிற்று. ஹௌரா பக்கத்து ஏற்றத்தில் முதலில் முனகியது, பிறகு இருமியது, பிறகு தோல் கருகும் வாசனையோடு நின்றேவிட்டது.

மேலே, செவ்வந்தி மாலையும் கையுமாக ஆபீஸே நின்றிருந்தது. “அனந்து,” என்று குரல் கொடுத்தான் பக்கத்து மேஜைச் சுந்தரேசன். “காசி இன்னும் நானூறு மைல்தான்.”

பின்னால் நின்ற மாட்டு வண்டிக்காரன் பொறுமை இழந்தான். “ஆத்துல தண்ணி வடிஞ்சு பாலம் தொங்கற நேரத்துல மாடே முழங்கால் போடும், பாபு. மத்தியானம் வாங்க. தண்ணி ஏறிட்டா பாலம் பாய் விரிச்ச மாதிரி கிடக்கும்.”

“மத்தியானம் கிளம்பட்டுமா, மாமா?”

பின்னாலேயே நடந்து வந்து சேர்ந்த வைத்தீஸ்வரன் புத்தகத்தைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். “எமகண்டம்.”

சுந்தரேசன் மாலையோடு இறங்கி வந்தான். அவன் வாயைத் திறப்பதற்குள் மாமனார் முந்திக்கொண்டார். “மாப்பிள்ளை மேல ஒரு குத்தமும் இல்லை, சார். எல்லாம் நாங்க போட்ட சீரோட கனம்.”

சுந்தரேசன் விளக்கைத் தொட்டுப் பார்த்தான். சைடுகாரைத் தொட்டுப் பார்த்தான். டிரம்மைத் தட்டிப் பார்த்தான். “இவ்வளவுமா?” என்றான். அவனுக்கு மாமனார் வீட்டில் போட்டது ஒரு குடை. மாலையை அனந்தகிருஷ்ணன் கழுத்திலேயே போட்டுவிட்டு மேலே ஏறிப் போனான்.

“வருத்தப்படாதீங்கோ. பங்குனி பதினாலு, இதே ஒன்பதுக்கு மேல ஒன்பதரைக்குள்ள, இன்னொரு நல்ல வேளை இருக்கு,” என்ற வைத்தீஸ்வரன், புத்தகத்தை சைடுகாரில் வைத்துவிட்டு, வண்டியை இழுத்துப் போக ஒரு மாட்டை வாடகைக்குப் பேசப் போனார்.

தன் நட்சத்திரத்துக்கு அன்று என்ன பலன் என்று பார்க்க அனந்தகிருஷ்ணன் அதைத் திறந்தான்.

அதில் நட்சத்திரம் இல்லை, திதி இல்லை. துறைமுக ஆபீஸ் அச்சடித்த, ஆற்றில் தண்ணீர் ஏறி இறங்கும் நேரப் பட்டியல். இன்றைய தேதிக்கு நேரே, தண்ணீர் அடியோடு வடியும் வேளை ஒன்பது இருபது என்றிருந்த இடத்தில் சிவப்புப் பென்சில் கோடு. அதற்குக் கீழே பதினைந்து நாளைக்கு ஒன்றாக, ராஜியின் பிரசவ மாதம் வரைக்கும் அதே கோடு.

புத்தகத்தை இருந்த இடத்திலேயே வைத்தான். மாமனார் மாட்டோடு திரும்பியதும், “பங்குனி பதினாலே இருக்கட்டும், மாமா,” என்றான். “அதுக்குள்ள இன்னும் ஏதாவது கனமா மாட்டணும்னா சொல்லுங்கோ.”