துணைக் கேள்வி

சென்னைச் சட்டசபையில் ஓர் உறுப்பினர் கேள்வி கேட்டால், அது இலாகாவுக்குப் போய், கலெக்டருக்கு வந்து, தாசில்தார் வழியாகக் கடைசியில் சேலம் தாலுகா ஆபீஸ் குமாஸ்தா கந்தவேலின் மேஜைக்கு இறங்கும். அவர் எழுதும் பதில் அதே படிகளில் ஏறிப்போய் மந்திரியின் வாயில் அரசாங்கத்தின் வார்த்தையாகும். அதில் அவருக்கு அலுக்காத வியப்பு.

இந்த முறை வந்த கேள்வி: அம்மாபேட்டைக் கஞ்சித் தொட்டிக்கு வரும் நெசவாளர்களில் யாரேனும் பட்டினியால் இறந்தார்களா?

அந்த வரிசையில் நின்றுவந்த நெசவுக்காரி உண்ணாமலை பட்டினியால் இறந்திருந்தாள். உள்ளதை எழுதினால் வேலை போய்விடும் என்று பயந்து, கந்தவேல் "இல்லை" என்று எழுதினார்.

வியாழக்கிழமை மந்திரி அதைச் சபையில் படித்தார். வெள்ளிக்கிழமை காலை உண்ணாமலை கஞ்சி வரிசையில் நின்றாள். சுடுகாட்டில் அவள் புருஷன் மாரியப்பன் போட்டு உடைத்த சட்டிதான் கையில் இருந்தது. பாதிச் சட்டி. ஊற்றிய கஞ்சி ஒழுகவில்லை.

மாரியப்பன் ஆபீஸுக்கே வந்து கும்பிட்டான். "நீங்க எழுதுனதாச் சொன்னாங்க, சாமி. ஆனா அவ ஊட்டுக்கு வரமாட்டேங்கறா. குடிக்கவும் மாட்டேங்கறா. வாங்கிட்டு அங்கயே நிக்கறா."

திங்களன்று, மந்திரி அவகாசம் கேட்டிருந்த துணைக் கேள்வி இறங்கி வந்தது: சென்ற வருஷம் பட்டினியால் எத்தனை பேர் இறந்தார்கள்?

சென்ற வருஷப் பதிவேட்டில் அப்படி இறந்தவர்களாக நாற்பத்துமூன்று பெயர்கள் இருந்தன. கந்தவேல் பேனாவை மையில் தொட்டார்.

கஞ்சி காய்ச்சும் பச்சமுத்து வாசலில் வந்து நின்றான்.

"ஏனுங்க, நாளைக்கு எத்தனை பேருக்கு உலை வெக்கட்டுங்க?"