மழையில் நின்ற ஜாம்பி

அண்ணன் இருந்தவரை ஞாயிறு மதியம் எங்களுக்கு வேறு வேலை கிடையாது. யாரோ முகம் தெரியாத ஒற்றை ஆள் உருவாக்கிய ஜாம்பி (நடமாடும் பிணம்) கணினி விளையாட்டுகளின் இலவச மாதிரிகளை, டெமோக்களை இறக்கி, ஒரே சோபாவில் இடித்துக்கொண்டு உட்கார்ந்து ஆடுவோம். பாதியில் ஏதாவது கோளாறாகி ஜாம்பிகள் சுவருக்குள் மாட்டிக்கொண்டு கையை ஆட்டும். வயிறு வலிக்கச் சிரிப்போம்.

அவன் இறந்து மூன்று வருடம் கழித்து, போன ஞாயிறுதான் மறுபடி ஒரு டெமோவைத் திறந்தேன். ஒருவர் மட்டுமே ஆடக்கூடியது. ஆளில்லாத ஊர், அடைமழை. பள்ளிக்கூட வாசலில் ஒரு ஜாம்பி நின்றது. துப்பாக்கியை நீட்டினேன். அது பாயவில்லை. இரண்டு முறை குனிந்து நிமிர்ந்தது. ‘பயப்படாதே, பின்னாடி வா’ என்பதற்கு ஆட்டத்தில் அண்ணன் வைத்திருந்த சைகை அது.

பின்னாலேயே போனேன். என்னைக் கடிக்க வந்ததையெல்லாம் அது தள்ளிவிட்டது. நான் வாய்விட்டுச் சிரித்திருக்க வேண்டும். அம்மா எட்டிப் பார்த்தாள்.

“யாருடி அது?”

“சும்மா பொம்மைம்மா.”

அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். டெமோ முடிந்து, ‘ஆடியதற்கு நன்றி’ என்ற எழுத்து வந்தது. எழுத்துக்குப் பின்னால் அது இன்னும் நனைந்துகொண்டு நின்றது. ஆட்டத்தை மூடப் போன என் கையை அம்மா பிடித்தாள்.

“இரு. அவன் உள்ள வரட்டும்.”

எழுந்து போய் அண்ணனுக்குத் தலை துவட்டும் துண்டை எடுத்துவந்து, மடியில் விரித்து வைத்துக்கொண்டாள்.